லெ மார்ன் மலையில் பார்த்த மணிப்பூ: தேன் ஏன் சிவப்பாக இருக்கிறது?

ரோஸ்ஹில்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். செடிகொடி விஷயத்தில் நான் சுத்த சூனியம், அதனால் கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலைக்காக மொரீஷியஸ் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை அலுவலக நண்பர்கள் நான்கு பேரோடு தீவின் தென்மேற்கு மூலையில் இருக்கிற லெ மார்ன் மலைக்குப் போனேன். பாதி தூரம் வரை நல்ல பாதை, அப்புறம் கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். மேலே சிலுவை நட்டிருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே மூச்சு வாங்க உட்கார்ந்தபோதுதான் அந்தச் செடி கண்ணில் பட்டது.

இடுப்பு உயரம்கூட இருக்காது. மண் என்று சொல்ல ஒன்றுமே இல்லாத பாறை இடுக்கில் நின்றுகொண்டிருந்தது. இலை தோல் மாதிரி தடிப்பு, மேல்பக்கம் சாம்பல் பூசிய பச்சை, அடிப்பக்கம் வெளிறிப்போய் தொட்டால் மெத்து மெத்தென்று இருக்கிறது. பூ தலை குனிந்து தொங்குகிறது, சிவப்பும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் சின்ன மணி மாதிரி. ஒரு பூவின் விளிம்பை விரலால் லேசாகத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தேன். உள்ளே தேன் நிறைய இருந்தது, ஆனால் நாம் பார்க்கிற மாதிரி கண்ணாடி நிறத்தில் இல்லை, நல்ல சிவப்பு. விரலில் பட்டதைக் காகிதத்தில் துடைத்தால் கறை பிடித்தது. இதற்குள் கூட வந்த உள்ளூர் நண்பன் (அவனுடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர், இவனுக்குத் தமிழ் பத்து வார்த்தை தெரியும்) "தொடாதே, தொடாதே, அது எங்கள் தேசியப் பூ" என்று கத்திவிட்டான். பெயர் 'பூக்ள் தொரேய்' என்றான். பிரெஞ்சில் காதணி என்று அர்த்தமாம். பார்த்தால் ஜிமிக்கி மாதிரிதான் இருக்கிறது, அதில் குறை சொல்ல முடியாது.

அவன் சொன்ன இன்னொரு விஷயம்தான் மண்டையைக் குடைகிறது. உலகத்திலேயே இது இயற்கையாக இருப்பது இந்த ஒரு மலையில் மட்டும்தான் என்கிறான், பக்கத்து மலையில்கூடக் கிடையாதாம். சும்மா ஊர்ப் பெருமையா, உண்மையா? இது செம்பருத்தி வகையா? தேன் சிவப்பாக இருப்பது நோயா, இல்லை அப்படித்தானா? கடைசியாக ஒன்று: ரோஸ் ஹில்லில் என் பால்கனியில் ஒரு தொட்டியில் வைத்து வளர்க்கலாமா? மலையிலிருந்து கிள்ளிக்கொண்டு வருகிற உத்தேசம் சத்தியமாக இல்லை. முறையாக எங்கே கேட்பது என்று தெரிந்தால் போதும்.

கொய்யாமரம்:

அது செம்பருத்திதான் தம்பி. லெ மார்னில் ஒரு காட்டுச் செம்பருத்தி உண்டு, 'மாந்த்ரினெட்' என்பார்கள், மிக அரிய செடி. அதைத்தான் பார்த்திருப்பீர்கள். தேன் சிவப்பு என்பது இதழின் சாயம் மழையில் கரைந்து இறங்கியதாக இருக்கும்.

இலைநரம்பு:

கொய்யாமரம் அண்ணா, பாதி சரி. மாந்த்ரினெட் என்பது நிஜமாகவே செம்பருத்திப் பேரினம்தான். அது லெ மார்னிலும் கோர் தெ கார்த் மலையிலும் மட்டும் இருக்கிறது, அதன் நிலைமையும் மோசம். தோட்டத்துச் செம்பருத்தியோடு கலந்து கலப்பினமாகிவிடுவதே அதற்கு ஒரு பெரிய ஆபத்து. ஆனால் கேள்வி கேட்டவர் சொன்ன அடையாளம் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. செம்பருத்தியைப் பார்த்தால் நடுவில் நீளமாக ஒரு குழல் வெளியே நீட்டிக்கொண்டு, அதன் உடம்பெல்லாம் மகரந்தப் பைகள் இருக்குமே, அதுதான் முதல் அடையாளம். நம்மவர் பார்த்ததில் அது இருந்திருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பார். தொங்கும் மணி, அடிப்பக்கம் ரோமம் படர்ந்த தடித்த இலை, சிவப்புத் தேன் என்றால் அது ட்ரோகேசியா பூட்டோனியானா. நண்பர் சொன்ன பெயரும் சரி, தேசியப் பூ என்பதும் சரி. மொரீஷியஸ் குடியரசான 1992 மார்ச் 12 அன்றுதான் இதைத் தேசியப் பூவாக அறிவித்தார்கள்.

செம்பருத்திக்கு இது ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளலாம். பழைய புத்தகங்களில் இதை ஸ்டெர்குலியேசி என்கிற தனிக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். கோக்கோ, நம் வலம்புரிக்காய் எல்லாம் அந்தக் கூட்டம். மரபணுவை வைத்துப் பார்க்க ஆரம்பித்த பிறகு மொத்தத்தையும் செம்பருத்தி, பருத்தி இருக்கிற மால்வேசி குடும்பத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். ஆக, செம்பருத்தியா என்று கேட்டது அவ்வளவு தப்பான கேள்வி இல்லை.

பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ட்ரோகேசியா என்பது பிரெஞ்சுக்காரர் ஆன்றி துத்ரோஷே நினைவாக. பள்ளியில் சவ்வூடு பரவல் என்று படித்தோமே, அதை ஆராய்ந்தவர். பூட்டோனியானா என்பது 19ஆம் நூற்றாண்டில் மொரீஷியஸிலேயே இருந்த இயற்கை ஆய்வாளர் லூயி பூட்டன் பெயரில்.

இனி அந்த 'ஒரே மலை' விஷயம். ஊர்ப் பெருமை இல்லை, நண்பர் சொன்னது உண்மை. ட்ரோகேசியாவில் மொத்தம் 6 இனங்கள். ஐந்து மொரீஷியஸில், ஒன்று மட்டும் பக்கத்து ரீயூனியன் தீவில். வேறு எந்த நாட்டுக் காட்டிலும் கிடையாது. அந்த ஐந்திலும் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்து வைத்திருக்கிறது. பூட்டோனியானா பிடித்தது லெ மார்ன். 556 மீட்டர் உயரம், கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற கருங்கல் குன்று, மூன்று பக்கமும் செங்குத்து. காற்றும் வெயிலும் அதிகம், மழை தீவின் நடுப் பகுதியை விடக் குறைவு. இப்படிப்பட்ட இடத்துக்கு ஏற்ற உடம்புதான் அந்தத் தடித்த இலையும் அடியில் இருக்கிற ரோமமும். அதன் காய் மரம் போல் காய்ந்து ஐந்தாகப் பிளக்கும், விதை பக்கத்திலேயே கொட்டும். பஞ்சு கட்டிக்கொண்டு பறந்து போகிற ஜாதி இல்லை. அப்புறம் எப்படி அடுத்த மலைக்குப் போகும்?

இன்னொன்று, என் கணிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் இன்னும் கொஞ்சம் பரவலாக இருந்து, கீழே சமவெளியெல்லாம் கரும்பான பிறகு மேலே இருந்தது மட்டும் தப்பியிருக்கலாம். மொரீஷியஸில் நல்ல நிலையில் இருக்கிற இயற்கைக் காடு 2 சதவீதம்கூட மிஞ்சவில்லை. அதனால் இன்றைக்கு ஒரு செடி எங்கே இருக்கிறது என்பதை வைத்து அது அங்கேதான் இருந்தது என்று அடித்துச் சொல்ல நான் தயங்குவேன்.

இதே பேரினத்தில் பார்விஃப்ளோரா என்று ஒன்று. 19ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல், போய்ச் சேர்ந்துவிட்டது என்று எழுதி மூடிவிட்டார்கள். 2001இல் கோர் தெ கார்த் மலையில் திரும்பக் கிடைத்தது. கீழே நகரம், பேருந்து, கடைத்தெரு என்று எல்லாம் இருக்க, மேலே அது பாட்டுக்கு இருந்திருக்கிறது.

கொய்யாமரம்:

சரி டீச்சர், ஒப்புக்கொள்கிறேன். நான் மாந்த்ரினெட்டைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தத் தேன்?

பல்லிப்பித்தன்:

தேன் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், தள்ளுங்கள்.

சாயம் கரையவில்லை, நோயும் இல்லை. தேனே அந்த நிறத்தில்தான் சுரக்கிறது. உலகத்தில் பூக்கும் தாவரங்கள் மூன்று லட்சத்தைத் தொடும். அதில் நிறமுள்ள தேன் கொண்டவை என்று 2007 வாக்கில் ஒருவர் உட்கார்ந்து தொகுத்தபோது அறுபத்துச் சொச்சம்தான் தேறியது. அவ்வளவு அபூர்வமான ஒன்று மொரீஷியஸ் என்கிற இத்துணூண்டு தீவில் மூன்று செடிகளில் இருக்கிறது. உங்கள் பூட்டோனியானாவில் சிவப்பு, அதன் சகோதரி ப்ளாக்பர்னியானாவில் மஞ்சள், இவற்றோடு எந்த உறவும் இல்லாத நெசோகோடான் என்கிற நீலப் பூவில் மறுபடியும் சிவப்பு. நெசோகோடான் அருவிப் பாறையில் தொங்கிக்கொண்டிருக்கிற செடி, அதைப் பார்க்கவே கயிறு கட்டி இறங்க வேண்டும். இதைப் பற்றி 1998இல் நேச்சர் இதழில் ஒரு சின்னக் குறிப்பு வந்தது. வேதியியல் எல்லாம் பார்த்துவிட்டு, எதற்காக இந்தச் சிவப்பு என்பது இன்னும் மர்மம்தான் என்று கையை விரித்துவிட்டார்கள்.

விடை 2006இல் வந்தது. பல்லி.

சிரிக்காதீர்கள். வீட்டுச் சுவரில் ட்யூப்லைட் பக்கத்தில் இருக்கிற பல்லியை நினைக்காமல், மொரீஷியஸின் பகல் பல்லிகளை நினையுங்கள். பச்சையும் நீலமும், முதுகில் சிவப்புப் புள்ளிகள், நகைக்கடைப் பதக்கம் மாதிரி இருக்கும். ராத்திரி தூங்கிவிட்டுப் பகலில் வேலை பார்க்கிறவை. பூச்சியும் தின்னும், தேனென்றால் உயிர். நாக்கை நீட்டிப் பூவுக்குள் துழாவும்போது தாடையிலும் தொண்டையிலும் மகரந்தம் அப்பிக்கொள்ளும், அப்படியே அடுத்த பூவுக்குப் போகும். ஹான்சன் என்கிற ஆய்வாளரும் அவருடைய குழுவும் என்ன செய்தார்கள் என்றால், ஒரே மாதிரிச் செயற்கைப் பூக்களை வைத்து, சிலவற்றில் சாதாரணத் தேன், சிலவற்றில் நிறம் போட்ட தேன் ஊற்றிப் பார்த்தார்கள். பல்லிகள் நிறத் தேனைத்தான் அதிகம் நாடின. பல்லிக்கு நிறம் பார்க்கிற கண் அபாரம். தலை குனிந்த பூவுக்குள் சரக்கு இருக்கிறதா இல்லையா என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டால் வீணாக ஏறி இறங்க வேண்டாம் பாருங்கள். பூவும் ஏமாற்றவில்லை. நிறம் தெரிந்தால் தேன் இருக்கிறது, தெரியாவிட்டால் இல்லை.

நம் ஊரில் பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் அட்டவணையே போட்டு வைத்திருக்கிறோம். பூவின் மேல் விழுந்தால் காய் பிடிக்கும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

எனக்கு இதில் இன்னும் பிடித்தது அடுத்த வருடம், 2007இல் வந்த வேலை. ட்ரோகேசியா செடி தாழம்புதருக்குப் பக்கத்தில் இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். (தாழைதான், நம் தாழம்பூத் தாழையின் உறவுக்காரர்கள் அங்கே காட்டில் நிறைய உண்டு.) அந்த முள் இலைகளின் மடிப்புக்குள்தான் பல்லிகள் குடியிருக்கின்றன, பருந்து வகையறா உள்ளே தலை விட முடியாது. தாழைக்குப் பக்கத்தில் இருந்த செடிகளுக்குப் பல்லி அதிகம் வந்தது, காயும் அதிகம் பிடித்தது. தள்ளி இருந்த செடியும் அதே செடி, அதே பூ, அதே தேன்தான். ஆனாலும் காய் குறைவு. பல்லிக்குத் திறந்த வெளியில் நாலு எட்டு வைக்கப் பயம், அவ்வளவுதான் விஷயம். அரிய செடியைக் காப்பாற்றுகிறேன் என்று சுற்றியிருக்கிற தாழையை வெட்டி வேலி போட்டால் செடி பிழைக்கும், பிள்ளை பெறாது.

இலைநரம்பு:

அருமையாக எழுதியிருக்கிறீர்கள், ஒரே ஒரு திருத்தம். தாழைக்குப் பக்கத்தில் காய் அதிகம் என்று காட்டிய வேலை ப்ளாக்பர்னியானாவில் நடந்தது. அது ப்ளாக் ரிவர் கோர்ஜஸ் பக்கம் மேட்டு நிலத்தில் இருக்கிற இனம். லெ மார்ன் செடிக்கும் இதேதான் என்று அப்படியே தூக்கி வைக்க முடியாது. நிறத் தேன் இருக்கிறது, பல்லியும் இருக்கிறது, ஏறக்குறைய அதே கதையாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்த அளவோடு நிறுத்திக்கொள்வோம். பறவைகளையும் மறக்க வேண்டாம். வெள்ளைக்கண்ணிகள் அந்தத் தீவில் தேன் குடிக்கிற ஜாதிதான்.

பல்லிப்பித்தன்:

வாங்கிக்கொண்டேன். ஆர்வக் கோளாறு. இரண்டு இனத்தையும் போட்டுக் குழப்பிவிட்டேன்.

ஒரு கொசுறு: நெசோகோடானின் சிவப்புக்குக் காரணமான நிறமியை 2022இல் கண்டுபிடித்து நெசோகோடின் என்று பெயர் வைத்தார்கள். ட்ரோகேசியாவிலும் அதுவேதான் என்று நான் சொல்லவில்லை, டீச்சர் மறுபடி வந்துவிடுவார்கள்.

மொட்டைமாடி:

நான் இங்கேதான் இருக்கிறேன், க்யூர்பிப் பக்கம். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளிடம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டை நீட்டி அதில் இருக்கிற தமிழ் எழுத்தைப் படிக்கச் சொல்வதுதான் என் முதல் பாடம், அடுத்த பாடம் இந்தப் பூ. ஜிமிக்கி என்கிற சொல் அவர்களுக்கு உடனே பிடித்துவிடும். அதனால் ரோஸ்ஹில்வாசிக்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

தம்பி, வளர்க்கலாம். மலையில் அரிது என்பதற்காக வீட்டில் வளராது என்று இல்லை. இங்கே பல தோட்டங்களில் நட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் காட்டிலிருந்து கொப்பு, விதை, காய் எதுவும் எடுக்கக் கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த மலையே உலக மரபுச் சின்னம், 2008இல் யுனெஸ்கோ அறிவித்தது. தோட்ட முதலாளிகளிடமிருந்து தப்பிய அடிமைகள் அந்த மலை உச்சியில்தான் ஒளிந்திருந்தார்கள். 1835இல் விடுதலைச் செய்தி சொல்ல ஆள் வந்தபோது, பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்துப் பாறையிலிருந்து குதித்துவிட்டார்கள் என்று இங்கே தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அங்கே போய் ஒரு கிளையை ஒடிக்க உள்ளூர்க்காரர்களுக்கே மனசு வராது. உங்கள் நண்பர் கத்தியது சும்மா இல்லை.

செடிக்கு எங்கே கேட்பது? க்யூர்பிப்பில் ராபின்சன் என்கிற இடத்தில் தேசியப் பூங்காத் துறையின் நாற்றங்கால் இருக்கிறது, இந்தத் தீவின் சொந்தச் செடிகளை வளர்ப்பதற்கென்றே வைத்தது. முதலில் அங்கே கேளுங்கள். தனியாரிடம் வாங்கினால் இலையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்து வாங்குங்கள். நான் முதல் தடவை ஒரு கடையில் 'பூக்ள் தொரேய்' என்று கேட்டேன், அவர் தயங்காமல் எடுத்துக் கொடுத்தார். ஆறு மாதம் கண்ணும் கருத்துமாக வளர்த்தால் ஊதாவும் சிவப்பும் கலந்து ஃப்யூஷியா பூத்தது. அதையும் காதணி என்றுதான் கூப்பிடுகிறார்களாம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

இரண்டாவது தடவை சரியான செடி கிடைத்தது, நானே கொன்றேன். க்யூர்பிப்பில் மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும், துணி காய நாலு நாள் ஆகும். போதாததற்கு நான் வேறு தினமும் ஒரு செம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். மேலே இலை நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் லேசாக இழுத்தேன், செடி கையோடு வந்துவிட்டது. அடியில் வேர் கறுத்து, அழுகிய வாழைத்தண்டு மாதிரி. பாறையில் பிறந்ததற்குக் கால் நனைந்துகொண்டே இருந்தால் ஆகாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மூன்றாவது இப்போது நான்கு வருடமாக இருக்கிறது. தாழ்வாரத்து ஓரம், மழை நேராக அடிக்காத இடம். தொட்டியில் பாதிக்கு மேல் உடைந்த கருங்கல் ஜல்லி, மீதி மண்ணும் மக்கிய இலையும். காலை வெயில் முழுசாகக் கிடைக்கும். மேல் மண் நன்றாகக் காய்ந்து விரலை விட்டால் உதிர்ந்தால்தான் தண்ணீர். உரம் அள்ளிப் போடாதீர்கள். இங்கே குளிர் ஆரம்பித்த பிறகுதான் மொட்டு வைக்கும், ஜூன் ஜூலையில் பார்க்கலாம். மொட்டு முதலில் பழுப்பு நிறத்தில் சாக்குத்துணி மூடிய மாதிரி இருக்கும், இது எங்கே பூக்கப் போகிறது என்று தோன்றும். திடீரென்று ஒரு காலையில் அந்தப் பழுப்புப் புல்லிகள் பின்னால் மடங்கிக்கொள்ள, உள்ளேயிருந்து சிவப்பு இறங்கும். ரோஸ் ஹில் க்யூர்பிப்பை விடக் கீழே, வெயிலும் அதிகம், உங்களுக்கு என்னை விட நன்றாகவே வரும்.

எறும்பு ஏறினால் உடனே கவனியுங்கள். எறும்பு வந்தால் பின்னாலேயே மாவுப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம்.

பல்லிப்பித்தன்:

அந்த எறும்பு விஷயம் தொட்டிக்கு மட்டும் இல்லை டீச்சர். வெளியிலிருந்து வந்த வெள்ளைக்கால் எறும்பு ஒன்று அங்கே காட்டிலும் இருக்கிறது. ருசேயா என்று இன்னொரு மொரீஷியஸ் செடி, அதற்கு மகரந்தம் கடத்துவதும் விதை பரப்புவதும் ஒரே பல்லிதான். இந்த எறும்புகள் மாவுப்பூச்சியை மேய்க்கப் பூவுக்குள் குடியேறிவிட்டால் பல்லி கிட்டவே வராது. காயும் குறைந்துவிடும், இருக்கிற காயின் விதையும் அங்கேயே கிடக்கும்.

சுள்ளி:

ரொம்ப நாளாக வேடிக்கை மட்டும் பார்க்கிறவன், இன்றைக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். அங்கே காட்டை நெரிக்கிற களைகளில் ஒன்றின் பெயரைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குருக்கத்தி! நாம் மாதவிக்கொடி என்று காப்பியத்தில் நாயகிக்குப் பெயர் வைத்துக் கொண்டாடுகிற அதே கொடி. யாரோ அழகுக்காகக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். மூன்று சிறகு வைத்த அதன் காய் காற்றில் சுழன்று சுழன்று போய் விழுகிற இடமெல்லாம் முளைத்து, உள்ளூர் மரங்களின் மேல் போர்வை போட்டு மூடிவிடுகிறது. இங்கே அதன் வாசனையைப் பாடுவோம், அங்கே அதைக் கத்தியால் வெட்டுகிறார்கள்.

போதாததற்கு டச்சுக்காரர்கள் 1639இல் ஜாவாவிலிருந்து இறக்கிய மான், கப்பலில் வந்த எலி, குரங்கு. அப்புறம் பிரேசிலிலிருந்து வந்து 'சீனக் கொய்யா' என்று பெயர் வாங்கிய அந்தச் சிவப்புக் கொய்யா. (கொய்யாமரம் அண்ணா, உங்களைச் சொல்லவில்லை.) பழம் ருசிதான், விடுமுறையில் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பறிக்கிறார்கள். ஆனால் அது அடர்ந்துவிட்டால் கீழே வேறு எந்த விதையும் தலை தூக்க முடியாது. லெ மார்ன் செடி தப்பித்து நிற்பதற்கு அந்தச் செங்குத்துப் பாறையும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மானும் ஏறாது, கரும்பும் ஏறாது.

கொய்யாமரம்:

என் பெயரை மாற்றிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

மொட்டைமாடி:

மாற்ற வேண்டாம் அண்ணா, சீனக் கொய்யாவில் ஊறுகாய் போட்டால் நன்றாக இருக்கும், இங்கே மிளகாய் உப்புத் தொட்டுச் சாப்பிடுவார்கள். களையைத் தின்றே தீர்ப்போம்.

மலைக்கு ஓடிப்போன அடிமைகளை இங்கே 'மரோன்' என்பார்கள். காட்டில் தானாக வளர்கிற செடிக்கும் அதே சொல்தான். ரோட்ரிக்ஸ் தீவில் 'கஃபே மரோன்' என்று ஒரு புதர், காட்டுக் காப்பி, வெள்ளை நட்சத்திரம் மாதிரிப் பூ. அழிந்தே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1980 வாக்கில் ஒரு பள்ளி ஆசிரியர் பிள்ளைகளை உள்ளூர்ச் செடி கொண்டுவரச் சொல்ல, ஒரு பையன் சாலையோரத்திலிருந்து அதன் கிளையை ஒடித்துக்கொண்டு வந்து நீட்டியிருக்கிறான். உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஒரே செடி. அதன் கொப்பை 1986இல் லண்டன் கியூ தோட்டத்துக்கு விமானத்தில் அனுப்பி வேர் பிடிக்க வைத்தார்கள். பூத்துக்கொண்டே இருந்தது, விதை மட்டும் வைக்கவே இல்லை. கார்லோஸ் மக்டலேனா என்கிற தோட்டக்காரர் சூலகமுடியை வெட்டி அந்த வெட்டில் மகரந்தத்தை வைத்துப் பார்த்து, 2003இல்தான் காய் பிடிக்க வைத்தார். நான் இந்தக் கதையைச் சொன்ன மறுநாள் என் வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள் பன்னிரண்டு கிளையோடு வந்தார்கள். எல்லாம் சீனக் கொய்யா.

ரோஸ்ஹில்வாசி:

ஒரு கேள்வி கேட்டுவிட்டு வேலைக்குப் போனேன், திரும்பி வந்தால் இவ்வளவு! எல்லாருக்கும் நன்றி. மொட்டைமாடி டீச்சர், உங்கள் மூன்றாவது செடிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நண்பனிடம் பல்லிக் கதையைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. அப்புறம் அன்றைக்கு எடுத்த படங்களைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் பூவை மட்டும் குறி வைத்து எடுத்த ஒரு படத்தில், இடது ஓரம், பூவுக்கு ஒரு சாண் மேலே கிளையில் பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இலை என்று விட்டிருப்பேன். முதுகில் சிவப்புப் புள்ளி இருக்கிறது. நாங்கள் ஐந்து பேர் அங்கே உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த நேரம் முழுக்க அது, நாங்கள் எப்போது எழுந்து போவோம் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

ராபின்சன் நாற்றங்காலுக்கு வெள்ளிக்கிழமை போகிறேன். ஜல்லி இப்போதே வாங்கி வைத்துவிட்டேன், தொட்டியை விட ஜல்லிதான் கனமாக இருக்கிறது, மூன்றாவது மாடி, மின்தூக்கி இல்லை.

பல்லிப்பித்தன்:

படத்தைப் போடுங்கள் சார், முதலில் படத்தைப் போடுங்கள்!